அறுந்த வளைவு

வியாபாரி எலியாஸின் சரக்குப் படகு கீழாற்றிலிருந்து வரும்போது தல்வாவின் வீட்டைக் கடந்துதான் போகும். கடந்து போகும், அவ்வளவுதான். அவள் வீட்டுக் கரை மணல்திட்டு. கோடையில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது. எலியாஸ் எதிர்க்கரையை ஒட்டி வண்டலுக்குப் பயந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவான். கூரைக்கு அடியிலிருந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுவான். அப்புறம் வளைவுக்குள் நுழைந்து மறைந்துபோவான்.

வளைவு பெரிய வளைவு. ஜுருவா ஆற்றில் நேராகப் போகிற இடமே கிடையாது. பாம்பு நெளிகிற மாதிரி போய்ப் போய், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வந்து நிற்கும். தல்வாவின் வீட்டுக்கு எதிரே தெரிகிற மெலிந்த நிலத்துக்கு எல்லோரும் கழுத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கழுத்துக்கு இந்தப்புறம் கீழாறு, அந்தப்புறம் மேலாறு. நடந்தால் முப்பதடி. தண்ணீரில் போனால் படகுக்கே அரைநாள். அந்த அரைநாள் வளைவின் நெற்றியில், உயர்ந்த செம்மண் கரையில், தல்வாவின் புருஷனுடைய அண்ணன் மனைவி செனாய்தேவின் வீடு இருந்தது. அங்கே தண்ணீர் ஆழம். எலியாஸ் பலகையைப் போட்டு இறங்குவான், காப்பி குடிப்பான், சரக்கை விரிப்பான்.

படகு போய் மறைந்ததும் தல்வா மரவள்ளி துருவுகிற பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கை துருவும். காது வளைவின்மேல் இருக்கும். செனாய்தேவின் துறையில் ஒரு ஊதல், வந்ததற்கு. அப்புறம் இன்னொரு ஊதல், புறப்பட்டதற்கு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை கிழங்கு துருவினோம் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் பதினாறு. இந்த மாதம் இருபத்திரண்டு.

"என்னத்தப் பேசிட்டிருப்பாங்க இவ்வளவு நேரம்?" என்றாள்.

அவள் புருஷன் அல்தெனோர் வலை முடிந்துகொண்டிருந்தான். "சரக்கு எடுப்பாங்க. அண்ணன் ரப்பர் உருண்டைய நிறுத்துப் போடுவாரு. வேற என்ன."

"நம்ம உருண்டையும் அதே ரப்பர் பால்தானே. அவங்க துறையில கொண்டுபோய்ப் போட்டு, அவங்க நிறுத்ததுக்கு அப்புறம் நாம நிக்கணும். அவங்க பொறுக்குனது போக மிச்சத் துணி நமக்கு."

"அண்ணி உனக்கு மஞ்சப் பூப்போட்ட துணி எடுத்து வெச்சுதே."

"எடுத்து வெச்சாங்க. அவங்களுக்கு அந்த மஞ்சள் பிடிக்கல."

அது உண்மையில்லை. மஞ்சள் தல்வாவுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதான் செனாய்தே எடுத்து வைத்தாள். அது தல்வாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்தத் துணியைத் தைக்காமல் மடித்தபடியே வைத்திருந்தாள்.

ஓர்ப்படி கெட்டவளாக இருந்திருந்தால் தல்வாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். செனாய்தேவுக்கு யாரையும் கடிந்து பேசத் தெரியாது. தல்வாவின் இரண்டு பெண் குழந்தைகளும் பெரியம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வர அழுவார்கள். அங்கே தகரக் கூரை. மழை பெய்தால் மேளம் கொட்டுகிற மாதிரி இருக்குமாம். தையல் மிஷின் இருந்தது. மிதிக்கிற கட்டையில் உட்கார வைத்து செனாய்தே குழந்தைகளை ஆட்டுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. "அதான் அட்டை மாதிரி என் பிள்ளைங்கள ஒட்டிக்கிறா" என்று தல்வா சொல்லுவாள். சொல்லிவிட்டு அன்று முழுக்க மனசு சரியில்லாமல் இருப்பாள்.

அந்த வருஷக் கோடையில் ஆறு நன்றாக இறங்கிவிட்டது. கழுத்துக்கு இரண்டு பக்கமும் கரை புதிதாகச் செதுக்கிவிட்ட மாதிரி செங்குத்தாக நின்றது. ஒவ்வொரு வெள்ளமும் இந்தப்புறம் ஒரு கை, அந்தப்புறம் ஒரு கை என்று தின்றுகொண்டே வந்திருந்தது. அல்தெனோரின் ரப்பர் மரங்கள் மேலாற்றில் இருந்தன. தினமும் விடியலில் அவனும் தல்வாவும் தோணியைக் கழுத்தின்மேல் ஏற்றி இழுத்து அந்தப்பக்கம் இறக்குவார்கள். சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வருவார்கள். ஒருநாள் தோணியை நடுவில் போட்டுவிட்டுத் தல்வா மூச்சு வாங்கினாள்.

"இதுல ஒரு கால்வாய் வெட்டினா என்னய்யா?"

அல்தெனோர் சிரித்தான். "தோணி போறதுக்கா?"

"தோணி போறதுக்குத்தான்."

"வெட்டலாம். ஆனா இது சும்மா நெலம் இல்ல புள்ள. மேலாத்துத் தண்ணி மட்டம் ஒசரம், கீழாத்துத் தண்ணி மட்டம் பள்ளம். ஒரு வழி காட்டிவிட்டா ஆறு அதைப் புடிச்சிக்கும். அப்புறம் அது சுத்திப் போகுமா? நேரா போயிரும்."

"போகட்டுமே. எப்படியும் ஒருநாள் போகத்தான் போகுது."

"போகும். இன்னும் அஞ்சு வருஷமோ எட்டு வருஷமோ. அது ஆத்தோட பாடு. அண்ணன் வீட்டு முன்னாடி ஓடுற தண்ணி நின்னுபோச்சுன்னா அவரு என்ன பண்ணுவாரு?"

"நம்ம வீட்டு முன்னாடி மணலாக் கெடக்கே, நாம என்ன பண்றோம்னு உங்கண்ணன் ஒருநாள் கேட்டிருக்காரா?"

அல்தெனோர் தோணியின் முனையைப் பிடித்து மறுபடி இழுத்தான். அவள் நாலுநாள் பேசாமல் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் தட்டி வைத்தாள். ஐந்தாம் நாள் அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். தோணி அகலத்துக்கு, முழங்கால் ஆழத்துக்கு, கழுத்தின் பாதி தூரம் வெட்டினான். அதோடு நிறுத்திவிட்டான்.

"மீதி இழுத்துக்கலாம். இதுக்கு மேல எனக்குக் கை வரல," என்றான்.

அவனுக்குக் கை வரவில்லை. அவளுக்கு வந்தது. மறுநாள் அல்தெனோர் ரப்பர் பால் எடுக்கப் போனதும், குழந்தைகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆமை முட்டை பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு தல்வா தனியாகக் கழுத்துக்குப் போனாள். மூன்று வாரம் போனாள். மண் மேலே காய்ந்து பொருக்காக இருந்தது. உள்ளே களிமண், மண்வெட்டியில் பசையாக ஒட்டியது. கூடையில் அள்ளி ஆற்றில் கொட்டினாள். தண்ணீரில் அது சிவப்பாகக் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கொசு கண்ணில் விழுந்தது. மேலாற்று ஓரத்தில் ஒரு காட்டு அத்திமரம் இருந்தது. கழுத்து இத்தனை வருஷம் தாங்கியதே அதன் வேரால்தான். அந்த மரத்தைச் சாய்க்க அவளுக்குப் பலம் இல்லை. அதனால் வேர்களை ஒவ்வொன்றாகக் கோடரியால் வெட்டினாள். கடைசி நாள் கால்வாயில் இறங்கி நின்று பார்த்தாள். இடுப்புக்கு மேலே மண் நின்றது. கையில் இருந்த கொப்புளங்களை அல்தெனோர் பார்த்துவிட்டு, "ஆமை முட்டையெல்லாம் எங்க?" என்று கேட்டான். "நரி தோண்டித் தின்னுருச்சு," என்றாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. மண்வெட்டியை வைத்த நாளிலிருந்து அவன் கழுத்து வழியாகப் போகவும் இல்லை. வளைவைச் சுற்றியே போய்வந்து, மேலாற்றில் குடிசை போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் மரங்களோடு தங்கினான்.

மழை டிசம்பரில் பிடித்தது. ஜனவரி முழுக்க நிற்கவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, தல்வா அடுப்பில் மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி என்று நினைத்தாள். இடி நிற்கும், இது நிற்கவில்லை. வெளியே ஓடிப் பார்த்தபோது காட்டு அத்தி மரம் நின்றபடியே ஆற்றுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தது. வேரோடு, இலையோடு, அதில் இருந்த குருவிக் கூடுகளோடு. அதற்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் மாதிரி தண்ணீர். மத்தியானத்துக்குள் கழுத்து வீட்டு அகலத்துக்கு வாயைத் திறந்துவிட்டது. மறுநாள் சாயங்காலத்துக்குள் கழுத்து என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. ஆறு நேராக ஓடியது.

அல்தெனோர் கரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். "முழங்கால் ஆழம்தானே வெட்டினேன்," என்றான். "முழங்கால் ஆழம்தானே."

தல்வா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மார்ச்சில் எலியாஸின் படகு வந்தது. புதுவெள்ளம் அவள் வீட்டு மணலையெல்லாம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வாசலில் ஐந்தாள் ஆழம். எலியாஸ் மூன்று தரம் ஊதினான், பலகையைப் போட்டான், தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கினான்.

"தல்வா, காப்பி இருக்கா? என்ன ஆறு இது. அரைநாள் எனக்கு மிச்சம். இனிமே உங்க வீடுதான் துறை."

அவள் காப்பி போட்டாள். அவசரத்தில் சர்க்கரை கொட்டியது. எலியாஸ் சரக்கை அவள் தரையில் விரித்தான். கண்ணாடி வளையல், அலுமினியப் பானை, பூப்போட்ட துணி. முதல் ஆளாகப் பொறுக்கினாள். கூரைக்குத் தகரம் சொல்லி வைத்தாள். பதினெட்டு தகடு.

மூன்று நாள் கழித்து செனாய்தேவும் அவள் புருஷன் எவிலாசியோவும் தோணியில் ரப்பர் உருண்டைகளோடு வந்தார்கள். எவிலாசியோ பெரிய ஆள். தோணியின் பின்முனையில் அவன் உட்கார்ந்தால் முன்முனை தூக்கிக்கொள்ளும்.

"ஆறு உங்க பக்கம் வந்துருச்சு தம்பி," என்று தம்பியின் முதுகில் தட்டினான். "எங்க வீட்டு முன்னால தண்ணி ஓடவே மாட்டேங்குது. குளம் மாதிரி கெடக்கு. விடு. எங்களுக்கு இருந்த நாளு இருந்தாச்சு."

தல்வா உருண்டைகளைக் கூடத்தின் மூலையில், தங்கள் உருண்டைகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். எலியாஸ் மேலாற்றிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்திருந்தான். காப்பி ஒரு கோப்பைக்குத்தான் இருக்கிறது என்று சொல்லி அதை எலியாஸுக்குக் கொடுத்தாள். செனாய்தே அதைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம்டீ. நான் தண்ணி குடிச்சுக்கிறேன்," என்றாள். பானையிலிருந்து தானே மொண்டு குடித்தாள். அப்புறம் குழந்தைகளுக்கு வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த கிழங்கு அப்பத்தைப் பிரித்தாள். அன்று ராத்திரி தல்வாவின் பெரிய பெண் கேட்டாள்: "அம்மா, பெரியம்மா வீட்டுக்கு இனிமே போக முடியாதா?" அந்தக் கேள்விக்குத் தல்வா அவளை அடித்தாள்.

வெள்ளம் வடிந்தபோது பழைய வளைவின் இரண்டு வாயிலும் மணல் விழத் தொடங்கியது. அடுத்த வருஷம் மேல்வாய் அடைத்துக்கொண்டது. கீழ்வாய் குறுகிப்போய், அதன்மேல் நீர்ச்செடி மெத்தையாகப் படர்ந்தது. வளைவு வளைவாகவே இருந்தது, தண்ணீர் மட்டும் எங்கேயும் போகவில்லை. முதல் வருஷம் அது நாறியது. கொசு புகை மாதிரி எழும்பியது. எவிலாசியோவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது.

செனாய்தே ஒரு பகலெல்லாம் தனியாகச் செடியை வெட்டி வெட்டித் துடுப்புப் போட்டு வந்தாள். எலியாஸ் முந்தின நாள்தான் மேலாற்றுக்குப் போயிருந்தான்.

"மாத்திரை இருக்காடீ? கசப்பு மாத்திரை. அவரு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. படுத்திருக்கிற வலை ஊஞ்சக் கயிறே அந்துபோச்சுடீ."

தல்வாவிடம் இருந்தது. அத்தனையையும் கொடுத்தாள், ஒன்றைக்கூட மறைத்து வைக்கவில்லை. அல்தெனோரையும் கூட அனுப்பினாள். ஆனால் செனாய்தே தோணியில் ஏறும்போது அழுத அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தன் புருஷனுக்காகத் தனக்கு இப்படி அழவருமா என்றுதான் தல்வாவுக்குத் தோன்றியது. அதிலும் அவள் தன்னை முந்திவிட்டாள் என்று தோன்றியது.

எவிலாசியோ பிழைத்தான். மரம் மரமாக நடந்து பால் எடுக்கிற சக்தி போயிற்று. காதும் போயிற்று. காய்ச்சலா, மாத்திரையா, எதனால் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் போய்க் கத்தினால்தான் விளங்கும்.

அதே சமயம் தல்வாவின் கரையை ஆறு தின்னத் தொடங்கியிருந்தது. கழுத்து வழியாக நேராகப் பாய்ந்துவந்த தண்ணீருக்கு எதிரே நின்றது அவள் வீடு. முதலில் வாழைத்தோப்பு போயிற்று. அடுத்த வெள்ளத்தில் மரவள்ளித் தோட்டம். கரை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கேட்டு குழந்தைகள் தூக்கத்தில் பேசினார்கள். வீட்டைப் பிரித்து இரண்டு தரம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். நாலாவது வருஷம் மூன்றாம் தரம் தள்ள இடமில்லை, பின்னால் சதுப்பு. ஒரு மத்தியானம் சோற்றுக்கு உட்காரும் நேரத்தில் தரையில் விரிசல் விட்டது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பதினெட்டுத் தகடும் வெயிலில் ஒரு தரம் பளீரென்று மின்னி, ஆற்றுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன.

தகவல் போன மறுநாள் செனாய்தே தோணியோடு வந்தாள். கீழ்வாய் மணலில் அதை அவளே இழுத்து ஏற்றி இறக்கியிருந்தாள்.

"என்னடீ பாத்துட்டு நிக்கிற. ஏறு. பிள்ளைங்கள ஏத்து."

தல்வா நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்த வளைவுக்குள் நுழைந்தாள். நாற்றம் எதுவும் இல்லை. வண்டலெல்லாம் அடியில் படிந்து, தண்ணீர் கறுப்புக் கண்ணாடியாக இருந்தது. வானம் அப்படியே அதில் கிடந்தது. கரையோரப் புதர்களில் காய் விழுகிற இடமெல்லாம் மீன் வாய் திறந்தது. ஏரி நடுவில் பிராருக்கூ மீன் ஒன்று மூச்சு வாங்க மேலே வந்தது. ஆள் நீளம், வாலோரத்தில் சிவப்பு. அது மூச்சு விட்ட சத்தம் கரைக்குக் கேட்டது. அப்புறம் இன்னொன்று. தல்வா எண்ணத் தொடங்கி, பதினொன்றோடு நிறுத்தினாள்.

செனாய்தேவின் துறையில் கொடிக்கயிறு கயிறாக உப்பிட்ட மீன் துண்டுகள் பாய் மாதிரி தொங்கின. எவிலாசியோ தோணியில் உட்கார்ந்தபடியே ஈட்டி எறிகிறானாம். நடக்க வேண்டியதில்லை, காது வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். எலியாஸ் இப்போது மணல்வாயில் படகைக் கட்டிவிட்டு, இரண்டு நாள் காத்துக்கிடந்து மீன் எடுத்துப் போகிறான். ரப்பரை யாரும் கேட்பதில்லை.

தல்வா அங்கே பதினேழு நாள் இருந்தாள். வேளாவேளைக்குக் கொழுப்பு மிதக்கிற மீன்குழம்பும் வறுத்த மாவும். குழந்தைகளின் முகத்தில் ஒரு வாரத்திலேயே சதை வைத்தது. ராத்திரி பெரியம்மாவோடுதான் படுத்தார்கள். அல்தெனோர் அண்ணனின் தோணியில் முன்னால் உட்கார்ந்து போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். அவன் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. அவள் மட்டும் சாப்பிடமுடியாமல் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய நாளில் துணியைப் பார்த்தபோதும் தகரத்தைப் பார்த்தபோதும் வந்த எரிச்சல் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. இந்த ஏரியில் ஒவ்வொரு சொட்டும் அவள் மண்வெட்டியால் வந்தது. கொப்புளம் அவள் கையில் வந்தது. மீன் செனாய்தேவுடையது.

பதினெட்டாம் நாள் காலை இரண்டு பேரும் துறையில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தார்கள். உப்புத்தொட்டி நிறைய உப்பு இருந்தது. எவிலாசியோ கொஞ்சம் தள்ளி ஈட்டி முனையைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் கடவுள் குடுத்ததுடீ," என்றாள் செனாய்தே, செதிலைச் சுரண்டிக்கொண்டே. "ஆறு போச்சேன்னு அழுதேன். இந்த ஏரிய யாரு கேட்டா? கேக்காமக் குடுத்தாரு."

"கடவுள் குடுக்கல," என்றாள் தல்வா.

"ம்?"

"நான் குடுத்தேன். நான் வெட்டின ஏரி இது."

செனாய்தே சிரித்தாள். "தம்பி வெட்டின தோணிக் கால்வாயச் சொல்றியா? அவரே சொன்னாரு. முழங்கால் ஆழத்துக்கு ஆறு பயப்படுமா? அது தானா வந்ததுடீ."

"அவரு வெட்டினது முழங்கால். நான் வெட்டினது இடுப்புக்கு மேல. மூணு வாரம். ஆமை முட்டைன்னு சொல்லிட்டு, பிள்ளைங்கள உங்ககிட்ட விட்டுட்டு. அத்திமரத்து வேரு ஒவ்வொண்ணையும் கோடாலியில வெட்டினேன். தெரிஞ்சேதான் வெட்டினேன் அக்கா. உங்க துறையில படகு நிக்கக்கூடாதுன்னு வெட்டினேன்."

செனாய்தேவின் கத்தி நின்றது. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியாதவள் மாதிரி. அப்புறம் அது போயிற்று. ஏரியில் ஒரு மீன் மூச்சுவிட்டது.

"என்ன சொல்லுது அது?" என்று எவிலாசியோ கேட்டான். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது.

செனாய்தே அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப எதுக்குடீ சொன்ன?"

தல்வா கத்தியைக் கீழே வைத்தாள். "இது என்னுது. அதான். இது என்னுதுன்னு ஒருத்தருக்காவது தெரியணும்."

"சரி. உன்னுது. எடுத்துக்க." செனாய்தே கத்தியை மீனின்மேல் வைத்தாள். "ஏரி உன்னுதுன்னா முதல் வருஷத்துக் கொசுவும் உன்னுது. ஊஞ்சல்ல கெடந்து துடிச்சாரே, அதுவும் உன்னுது. அந்தா இருக்கு பாரு, அந்தக் காது, அதுவும் உன்னுது. எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கிறியா? எடுத்துக்கிறதுன்னா சொல்லு. அவரு பக்கத்துல போய், காதுல கத்திச் சொல்லு."

தல்வா எவிலாசியோவைப் பார்த்தாள். அவன் தலையைச் சாய்த்து, கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, சிரித்த முகமாகக் காத்திருந்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா சொல்லுது?" என்றான் மறுபடியும்.

செனாய்தே கழுத்து நரம்பு புடைக்க அவன் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "உப்பு பத்தலையாம்."

"ஓ. என் தோணியில ஒரு மூட்டை இருக்கே. அதை எடுத்துக்கச் சொல்லு."

செனாய்தே மீனுக்குத் திரும்பினாள். அடுத்ததை எடுத்து முதுகைப் பிளந்தாள். "கேட்டுச்சுல்ல. போ," என்றாள்.

தல்வா எழுந்து தோணிக்குப் போனாள். மூட்டை கனத்தது. முதுகில் ஏற்றிக்கொண்டு மேடேறி வந்தாள். ஏற்கெனவே நிறைந்திருந்த தொட்டியின் பக்கத்தில் அதை இறக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து, கத்தியை எடுத்தாள். மத்தியானம்வரை இரண்டு பேரும் மீன் அறுத்தார்கள்.